திருமதி கெல்லருக்கு ஒரு பொன்னாடை

1

நான் அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்த தேதி வரும்போதெல்லாம் என் மகள் மெர்சி ஒரு சின்ன கேக் வாங்கி வருவாள். மேலே காகிதக் கொடி ஒன்று குத்தியிருக்கும். ஊதி அணைக்க மெழுகுவர்த்தி கிடையாது, அதற்குப் பதிலாக எனக்கு ஒரு பரீட்சை உண்டு. குடியுரிமைத் தேர்வுக்கு நான் மனப்பாடம் செய்த கேள்விகளில் ஒன்றைக் கேட்பாள். சரியாகச் சொன்னால்தான் கத்தி என் கைக்கு வரும்.

"அரசாங்கத்துல ஒரு கிளை மட்டும் ரொம்பப் பலமாப் போயிடாம எது தடுக்குது?" என்பாள், அதிகாரி மாதிரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு.

"அதிகாரப் பிரிவினை! ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிறுத்துற ஏற்பாடு!" என்று நெஞ்சை நிமிர்த்துவேன்.

"இந்த வீட்டுல இவரைப் பிடிச்சு நிறுத்த ஒரு கிளையும் இல்லை. கேக்கை வெட்டுங்க," என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.

இந்த வருடமும் அந்தத் தேதி வந்தது. கேக் வரவில்லை.

மெர்சி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், பனி ஒட்டிய காலணியைத் தட்டிக் கழற்றினாள். கதவை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யாரோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விசாரிப்பதுபோல, "ஹாய் அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போனாள். அந்த மரியாதை என்னை உட்காரவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால், தருமபுரம். பத்தாவதுக்கு மேல் ஐ.டி.ஐ., குளிர்சாதன மெக்கானிக். ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்ததால் அவள் பின்னால் ஒஹாயோ மாநிலத்துக்கு வந்தவன். மற்றதெல்லாம் நானாகப் படித்தது, நாலு பேரிடம் பேசிப் படித்தது. யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பத்துப் பேரிடம் சொல்கிற வியாதி எனக்கு உண்டு. நாங்கள் இருக்கும் ஊரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. அந்த ஊருக்கு நான் கொடுத்த தொல்லை போதும்.

2

ஸ்டெல்லா ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர். வீட்டில் இருப்பது ஒரு வண்டி. கடைகளில் உறைபெட்டி கெட்டுப்போனால் கூப்பிட்ட நேரத்தில் நான் ஓட வேண்டும் என்பதால் வண்டி என்னிடம். அவள் பேருந்தில் போய்வருவாள். திரும்பி வரும்போது பேருந்து அவளை இறக்கிவிடும் இடத்துக்கும் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு நெடுஞ்சாலை. நான்கு தடம். விளக்கு இல்லை, கோடு இல்லை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே கும்மிருட்டு.

"இந்த ரோட்டைப் போட்டவங்க வாழ்க்கையில ஒருநாளும் நடந்திருக்க மாட்டாங்க," என்பாள் ஸ்டெல்லா. அவள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இது. தமிழ்ச் சங்க விழாவில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவள் கடக்க வேண்டிய சாலையை வைத்து நான் கைதட்டு வாங்கினேன் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் ஒரு கார் அவள் தோள்பையை உரசிக்கொண்டு போனது. பை பறந்து நடுரோட்டில் விழுந்தது, பின்னால் வந்த கார் அதன்மேல் ஏறிப்போனது. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. வீட்டுக்கு வந்து, பைக்குள்ளிருந்த எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கும்பகோணத்தில் வாங்கிய டப்பா, சப்பாத்தி மாதிரி தட்டையாக இருந்தது.

"நாளைக்கு வேற டப்பால குடுத்துடறேன்," என்றேன் நான்.

மெர்சி அந்த டப்பாவைத் தன் அறைக்கு எடுத்துப் போனாள்.

அங்கே ஒரு சிக்னலும், நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டும் வேண்டும் என்று கேட்டு மறுநாளே அவள் கிளம்பிவிட்டாள். ரோடு மாநிலத்தினுடையது, ஓரத்து நடைபாதை எங்கள் ஊருடையது, பேருந்து மாவட்டத்தினுடையது. ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். "இதுக்குப் பேருதான் கூட்டாட்சி அப்பா," என்று அலுத்துக்கொண்டாள்.

நான் சிரித்தேன். காரைக்கால்காரனுக்கா கூட்டாட்சிப் பாடம்? கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நாகூருக்கு ஒரு சாமான் வாங்கப் போனால் மாநிலம் மாறிவிடும். எங்கள் கோப்பு கையெழுத்துக்குப் பாண்டிச்சேரி போயாக வேண்டும். அங்கே நாம் ஓட்டுப்போட்ட அமைச்சர் ஒருபக்கம், டெல்லி அனுப்பிய ஆளுநர் ஒருபக்கம். திருமலைராயன்பட்டினத்தில் காசிம் பாய் என்று ஒரு நண்பர், ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். கரண்ட் இணைப்புக்கு அலைந்து அலைந்து ஒருநாள் சொன்னார்: "நம்மளைவிட நம்ம கோப்புக்கு ஊர் நல்லாத் தெரியும் தம்பி. கடலூர், சிதம்பரம், சீர்காழின்னு எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு ஆற அமரத்தான் வரும்." எங்கள் எதிர்வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவர் இருந்தார். பாரிஸ் தேர்தலுக்கு ஓட்டுப்போடுவார். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால், "மேரிக்குப் போறேன்" என்று நகராட்சிக்குப் பிரெஞ்சுப் பெயரையே சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் நகராட்சியில் போய்ச் சண்டை போடுவார். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன் நான்.

மெர்சியோ விடவில்லை. கடைசியில் மாநிலக்காரர்கள், "உங்கள் ஊர் மன்றம் தீர்மானம் போட்டு, செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் செய்கிறோம்," என்று எழுத்தில் கொடுத்தார்கள். அதோடு விஷயம் எங்கள் ஊர் மன்றத்துக்கு வந்து நின்றது. ஐந்து உறுப்பினர்கள். மளிகைக்கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்கினாள். ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேசுவதற்கு ஒதுக்கிய மூன்று நிமிடத்தில் எழுந்து பேசினாள். எதிர்ப்பும் இருந்தது. அந்தச் சாலையோரம் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், நடுவில் திட்டு வந்தால் தன் வாசலுக்கு வண்டி திரும்ப முடியாது என்றார். செலவைச் சொல்லி இரண்டு உறுப்பினர்கள் அவர் பக்கம். அதில் ஒருவர் பௌமன், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர். திருமதி கெல்லர் உட்பட மற்ற மூன்று பேர் மெர்சி பக்கம். கெல்லர் முன்னாள் பள்ளி ஆசிரியை. கூட்டத்தில் மெர்சி பேசும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பவர்.

"மூணுக்கு ரெண்டு. போதும்," என்றாள் மெர்சி. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, "அப்பா, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க," என்றாள்.

3

ஒன்றும் பண்ணாமல் இருப்பது எப்படி என்று காரைக்காலில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் போய்ப் பார்க்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் காலையில் கூட்டம் நிற்கும். முதியோர் பென்ஷன் நின்றுபோனவர், வாய்க்கால் தூர்வாரச் சொல்லி வந்தவர், கல்லூரியில் இடம் கேட்டு வந்தவர். இதில் அசிங்கம் ஏதுமில்லை. கவுண்டரில் நாம் குனிந்து கேட்டும் நிமிராத குமாஸ்தாவின் தலையை, அங்கே போய்க் கேட்டு நிமிர வைக்கலாம். என் அண்ணன் சூசைக்கு அந்த வாசலில் எல்லோரையும் தெரியும். "மூஞ்சியைக் காட்டிட்டு வந்துடணும் தம்பி. மனு மேசையில கிடக்கும். மூஞ்சி மனசுல கிடக்கும்," என்பார். எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் கேட்டுப் போன அன்று என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனார். குரும்பகரத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து நின்ற ஒரு அம்மாள் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அண்ணன் உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்தினார், போட்டோ எடுத்தோம், கம்பம் வந்தது. அந்த அம்மாள் என்ன கேட்க வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

தீர்மானம் ஓட்டுக்கு வருவதற்கு முந்தின நாள், மெர்சி பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து, நான் திருமதி கெல்லர் வீட்டுக்குப் போனேன்.

சங்க விழாக்களுக்கென்று எங்கள் வீட்டு அலமாரியில் எப்போதும் ஏழெட்டுப் பொன்னாடை இருக்கும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்வேன். விலை ஒன்றும் பெரிதில்லை, காரைக்கால் கடைத்தெருவில் நம்ம ஆட்கள் பேரம் பேசாமலே வாங்குகிற விலை. அதில் ஜரிகை அகலமானதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன், ஒரு தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் அடுக்கிக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை. நம்புங்கள், மனதில் கள்ளம் ஒரு துளி இல்லை.

திருமதி கெல்லர் தோட்டத்துக் கையுறையோடு கதவைத் திறந்தார். மெர்சியின் அப்பா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "உங்கள் மகள் அருமையான பெண்," என்றார். அந்த வேகத்தில் அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டேன். எங்கள் ஊர் வழக்கம் என்றேன். "எவ்வளவு அழகு!" என்று ஜரிகையைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அவரும் சிரித்தார்.

அதோடு வந்திருக்கலாம். படி இறங்குகிற நேரத்தில், எங்கள் ஊரில் யாரும் சொல்லாமல் திரும்பாத அந்தப் பேச்சை நானும் சொன்னேன்.

"நாளைக்கு என் மகளோட தீர்மானம் வருது. நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்."

ஆங்கிலத்தில்தான் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஜரிகையின் மேலிருந்த கை மட்டும் கீழே இறங்கிவிட்டது. நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டியில் உட்கார்ந்ததும் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அண்ணன் உடனே கூப்பிட்டார்.

"யார்ரா அந்த அம்மா?"

"இங்கத்து கவுன்சிலர் அண்ணே. நம்ம மெர்சி விஷயமா."

"அப்படிப் போடு! அமெரிக்கா போயும் நம்ம வேலையை மறக்கலை பாரு. காரியம் முடிஞ்ச மாதிரிதான்!"

"முடிஞ்ச மாதிரிதான் அண்ணே," என்றேன்.

4

கூட்டம் சாயங்காலம். எங்கள் ஊர் மன்றக் கூடம், அறுபது எழுபது நாற்காலி. எல்லோரும் எழுந்து நெஞ்சில் கைவைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொன்னோம். மெர்சி ஞாயிறு பூசைக்குப் போடும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். மடியில் அந்த நசுங்கிய டிபன் டப்பா. ஸ்டெல்லாவுக்கு அன்று மாலை வேலை, வரவில்லை. மாதாவின் கருணை என்று இப்போது நினைக்கிறேன்.

தீர்மானத்தை எடுத்ததும் தலைவர் வழக்கமாகக் கேட்கிற ஒன்றைக் கேட்டார்: இந்த விஷயத்தில் உறுப்பினர் யாருக்காவது சொல்ல வேண்டியது ஏதும் உண்டா?

திருமதி கெல்லர் ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தார்.

"நேற்று இந்த ஊர்க் குடியிருப்பாளர் ஒருவர் என் வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். இன்றைய ஓட்டெடுப்பைப் பற்றியும் என்னிடம் பேசினார். அன்பினால் செய்தார் என்றே நம்புகிறேன். ஆனாலும் நகர வழக்கறிஞரிடம் கேட்டேன். பரிசைத் திருப்பிக் கொடுக்கிறேன், இந்தத் தீர்மானத்தில் நான் பேசவும் மாட்டேன், ஓட்டுப்போடவும் மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இன்று பேச வேண்டும் என்று நான் ஆவலாக இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்," என்றார். எழுந்து மேசையை விட்டு வெளியே வந்து, பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குமாஸ்தா என் பெயரைப் படித்தாள். நம் பெயரை இவர்கள் எப்போதும் தப்பும் தவறுமாகத்தான் சொல்வார்கள். அன்றைக்கென்று அந்தப் பெண் முன்கூட்டியே யாரிடமோ கேட்டுப் பழகியிருக்க வேண்டும். அந்தோணிராஜ் என்று அட்சரம் பிசகாமல் கூப்பிட்டாள்.

நாற்காலி வரிசைக்கு நடுவே எழுந்து நடந்தேன். எத்தனை விழாவில் எத்தனை பேரைப் பொன்னாடைக்காக இப்படி நடுவழியாக மேடைக்கு நடக்கவைத்திருக்கிறேன்! அவர்கள் நடந்த அதே நடை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் ஜரிகை வெளியே தெரிய அழகாக மடித்து வைத்திருந்தார்கள். பழங்களும் தனிப் பையில் இருந்தன. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன். கூடத்தில் ஒருவராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

திரும்பி வரும்போது மெர்சி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றில் ஒன்று போனால் இரண்டு.

அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். போகமாட்டாள் என்று நினைத்தேன், போகக்கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவள் போனாள். டப்பாவை எல்லோரும் பார்க்கும்படி பேச்சு மேடையில் வைத்தாள். தோற்றுவிட்டது என்று தெரிந்துகொண்டே, வீட்டில் கண்ணாடி முன் பேசிப் பழகிய அத்தனையையும் ஒரு வார்த்தை குறைக்காமல் பேசினாள். "இது என் அம்மாவின் சாப்பாட்டு டப்பா," என்று அவள் ஆரம்பித்தது மட்டும்தான் எனக்குக் கேட்டது. என் மடியில் பிளாஸ்டிக் பை சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டுக்கு இரண்டு. எங்கள் ஊர் விதியில் சமமாக நின்றால் தோற்றதாகத்தான் கணக்கு.

5

வண்டியில் அவள் முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினாள். அவளுக்கு மனம் கனக்கும்போது தமிழ் வராது.

"ஏன் அவங்க வீட்டுக்குப் போனீங்க?"

"ஒரு மரியாதைக்குத்தாம்மா."

"மரியாதைன்னா ஓட்டு முடிஞ்சப்புறம் போயிருக்கலாமே?"

வழியெல்லாம் எனக்குத் தெரிந்த ஊர், ஒரு திருப்பமும் அடையாளம் தெரியவில்லை.

"நீங்க போகலாம்னா பெட்ரோல் பங்க் வச்சிருக்கறவரும் போகலாம். அவர்கிட்ட உங்களைவிடப் பெரிய பொன்னாடை இருக்கும் அப்பா. அதான் எல்லாரும் ஒரே கூடத்துல, ஒரே மைக்குல, மூணே நிமிஷம். அவருக்கும் மூணு நிமிஷம், அம்மாவுக்கும் மூணு நிமிஷம். நமக்கு ஜெயிக்கறதுக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

குரும்பகரத்து அம்மாள் ஒதுங்கி வழிவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாக அவள் அங்கேயே நின்றிருந்தது போல.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மெர்சி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு தமிழில் சொன்னாள், மழலை மாறாத அவளுடைய தமிழில்.

"நான் ஜெயிச்சிருந்தேன் அப்பா. நீங்க நம்பலை."

குடியுரிமைத் தேர்வில் ஒரு கேள்விக்கும் நான் தப்பாகச் சொன்னவனில்லை. சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்று அதிகாரி கேட்டபோது, "சட்டத்துக்கு மேலே யாரும் இல்லை," என்று அவர் கேள்வியை முடிக்கும் முன்னே சொன்னவன். அதை நான் மேலே இருப்பவர்களுக்கான வார்த்தை என்று நினைத்திருந்தேன். ஒரு தட்டுப் பழத்தோடு நிற்கிற எனக்கும் சேர்த்துத்தான் அது என்று தெரியவில்லை. இதைக்கூடப் புரியாத வழக்கம் என்று மன்னித்துவிடலாம். என் மகள் பேச்சால் ஒரு காரியத்தை முடிப்பாள் என்று நான் நம்பாததற்கு எந்த ஊர் வழக்கத்தைச் சொல்லித் தப்பிப்பது? அது என்னுடையது.

வேலை முடிந்து வந்த ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். பிளாஸ்டிக் பையைப் பிரித்து ஜரிகையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதை எனக்குப் போத்தியிருந்தா, கார்க்காரன் கண்ணுக்காவது பளபளன்னு தெரிஞ்சிருப்பேன்," என்றாள்.

அவள் சொன்னதில் நான் யாரிடமும் திருப்பிச் சொல்லாதது இது ஒன்றுதான்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் கூப்பிட்டார், போனை ஸ்பீக்கரில் போட்டேன். வெற்றிச் செய்தி கேட்கத்தான்.

"திருப்பிக் குடுத்துட்டாங்க அண்ணே," என்றேன், பட்டும் படாமலும்.

"பொன்னாடையையா? ஏன், பத்தலையாமா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

மாடிப்படியில் மெர்சி நின்றிருந்தாள். ஊர்த் தமிழ் இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நாங்கள் இருவரும் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அவளுக்கு எல்லாம் புரியும்.

"பெரியப்பா அவங்களைப் பத்தி அப்படிச் சொன்னப்ப நீங்க ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டாள்.

கூடத்தின் நடுவே நடந்தபோது இல்லாத வெட்கம் அப்போதுதான் வந்தது. அந்தம்மாள் தன் ஓட்டையே விட்டுக்கொடுத்து எழுந்து போனவர். அவரை லஞ்சம் பத்தாதவளாக்கி, நான் சிரித்திருந்தேன். அன்றிலிருந்துதான் மெர்சி என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள்.

6

அவள் சும்மா இருக்கவில்லை. விதிகளைப் படித்தாள். தோற்ற தீர்மானத்தை மறுபடி எடுக்கலாம், ஆனால் எதிர்த்து ஓட்டுப்போட்டவர்களில் ஒருவர்தான் எடுக்க முடியுமாம். அடுத்த கூட்டத்தில் தன் மூன்று நிமிடத்துக்கு எழுந்தவள் பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை என்று ஸ்டெல்லா வந்து சொன்னாள். "ஆறு மணிப் பேருந்தில் என் அம்மா வருவார். உங்களில் யார் வேண்டுமானாலும், எந்த நாள் வேண்டுமானாலும் வந்து நின்று பாருங்கள்," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. குமாஸ்தா நம் பெயரைச் சரியாகச் சொல்கிற ஊரில் தலைகாட்டக் கூச்சம்.

வேலை இல்லாத மாலைகளில் நான் அந்தச் சாலையோரம் டார்ச் விளக்கோடு போய் நிற்கத் தொடங்கியிருந்தேன். ஸ்டெல்லா இறங்கியதும் இந்தப் பக்கத்திலிருந்து விளக்கை ஆட்டுவேன். கார்க்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்து வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். அது போதும்.

ஒரு மாலை, பனி தூவிக்கொண்டிருந்தது, என் பக்கத்தில் ஒரு பழைய வண்டி வந்து நின்றது. பௌமன் இறங்கினார். காதை மூடிய தொப்பி, கையில் காபிக் குவளை.

கடவுளே கொண்டுவந்து நிறுத்தியது போல இருந்தது. எத்தனை நாளாக மனதுக்குள் இவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்! வாயைத் திறந்தேன்.

அவர் உள்ளங்கையை என் பக்கம் காட்டினார். "இங்கே என்கிட்டே எதுவும் சொல்லாதீங்க. சொல்றதா இருந்தா அங்கே வந்து சொல்லுங்க."

வாயை மூடிக்கொண்டேன். காரைக்கால் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுத்து, ஊர் போய்ச் சேருவதற்குள் உறவுமுறை கண்டுபிடிக்கிறவன் நான். அன்றைக்கு அந்த மனிதர் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஊமையாக நின்றேன்.

எதிர்ப்பக்கம் பேருந்து வந்தது, போனது. ஸ்டெல்லா நின்றிருந்தாள். குளிர்கோட்டுக்கு மேல் அந்தப் பொன்னாடையைக் குறுக்காகச் சுற்றியிருந்தாள். இரண்டு வாரமாகவே அப்படித்தான் வருகிறாள். குளிருக்கா, எனக்கு உறைக்கட்டும் என்றா, கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஹெட்லைட் படும்போதெல்லாம் ஜரிகை ஒரு கோடாக மின்னி அணைந்தது.

பௌமன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுதானா அது?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

ஸ்டெல்லா ஒரு கால் வைத்தாள், பின்வாங்கினாள். மறுபடி வைத்தாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாதி ரோட்டில், இரண்டு பக்கமும் வண்டி பறக்க, திட்டு வரவேண்டிய அந்த இடத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். டார்ச்சை ஆட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. பௌமன் குவளையை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் அப்படியே பிடித்திருந்தார். அவள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததும் தொப்பியைத் தொட்டு அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"யாருங்க அது?" என்றாள் ஸ்டெல்லா.

"உன்னைப் பாக்க வந்தவரு."

"நீங்க ஏதும் பேசுனீங்களா?"

"இல்லை."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு நம்பினாள் என்று நினைக்கிறேன், டார்ச்சை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மெர்சி அவள் அம்மாவிடம் சொன்னாள், நானும் கேட்கும்படி. தீர்மானத்தை மறுபடி எடுக்க பௌமன் எழுதிக் கொடுத்திருக்கிறார். "எடுக்கறேன்னுதான் சொல்லியிருக்கார். ஆதரிக்கறேன்னு சொல்லலை," என்றாள். திருமதி கெல்லர் இந்தத் தடவை ஓட்டுப்போடலாமா கூடாதா என்று வழக்கறிஞர் இன்னும் சொல்லவில்லை. மூன்றா, இரண்டா, ஒருவருக்கும் தெரியாது.

அண்ணனிடம் இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணே, இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் சிரித்திருக்கக்கூடாது.

செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. பௌமன் வீடு நான் வேலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. காலையில் வாசலில் பனி வாரிக்கொண்டிருப்பார். நேற்றும் பார்த்தேன், இன்றும் பார்த்தேன். இன்று அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து என் வண்டியைப் பார்த்தார். கை தானாகக் கண்ணாடியை இறக்கப் போனது. எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன்.

இதுவரை யாரையும் போய்ப் பார்க்கவில்லை.